தராசுக்காரரின் நாக்கு

கடைக்காரர் திராட்சைக் கொத்தைத் தட்டில் வைக்கக் கையை நீட்டும்போதே என் அத்தான் தட்டைத் தூக்கிவிடுகிறார். தூக்கி, அதன் அடிப்பக்கத்தை ஒரு விரலால் தடவி, அந்த விரலை முகர்ந்தும் பார்க்கிறார். மெழுகு ஒட்டியிருக்கலாம். காந்தம் வைத்திருந்த தடம் இருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் அவர் முகம் சுருங்கிவிடுகிறது. "எடுத்துட்டான்," என்று என் காதருகே சொல்கிறார். இருந்தால் மாட்டிக்கொண்டான், இல்லாவிட்டால் எடுத்துவிட்டான். அந்த மனிதர் எதையும் ஒட்டவே இல்லை என்ற மூன்றாவது வழி அத்தானின் அகராதியில் கிடையாது.

அவர் என் அக்காவின் கணவர். எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடைகளில் தராசுகளையும், பெட்ரோல் பங்குகளில் குழாய்களையும், பால் நிலையங்களில் குவளைகளையும் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. அவர் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், கடைக்குக் கடை ஒரு செய்தி ஓடும்: "முள்ளு வருது." அவர்கள் தராசு முள்ளைச் சொல்கிறார்களா, காலில் குத்துகிற முள்ளைச் சொல்கிறார்களா என்று அவருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். என்னிடம் கேட்டார். தராசு முள்தான் என்று அடித்துச் சொன்னேன். அடித்துச் சொன்னதால் அதை நம்பவில்லை.

மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா இருக்கும். அத்தான் பையில் பூதக்கண்ணாடி, மடக்கு அளவுகோல், குட்டியாக ஒரு பித்தளை எடைக்கல், பிறகு ஒரு கைக்கடிகாரம். மணிக்கட்டில் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுத்துவிடுமாம். "ரெண்டும் வேற வேற மணி காட்டினா எது பொய்னு எப்படி அத்தான் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்குத்தான் மாப்ளே உன்கிட்ட மணி கேக்குறேன்," என்றார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தெருவில் போன ஒருவரை நிறுத்தி அவரிடமும் கேட்டார்.

"இந்த மனுஷன் தூங்கும்போதும் ஒரு கண்ணு டூட்டி பாக்கும்," என்பாள் அக்கா. சர்க்கரை டப்பாவை அவள் எந்த இடத்தில் வைத்தாலும் மூடியின் திசையைப் பார்த்தே யாரோ திறந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். அந்த யாரோ பெரும்பாலும் நான்தான். அந்த வீட்டில் சர்க்கரை எடுத்து மாட்டிக்கொள்ளாத நாளே எனக்குக் கிடையாது.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். அதில் எனக்கே சந்தேகம் இல்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது, பொருளைப் பார்க்காதே, தராசைப் பார் என்பதுதான். "வெறும் தட்டுல முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்காம எடை போடுறவன், கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டுறவன்." முள் போய் எண் காட்டுகிற தராசுகள் வந்த பிறகும் அவர் பேச்சில் முள் போகவில்லை. அடுத்ததாக, இரண்டு பொருளை ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பார். சாப்பாட்டு மேஜையிலும் இந்தப் பாடம் நடக்கும். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு ரொட்டியைக் கடிப்போம்.

இப்படிப்பட்டவரின் உடம்புக்குள்ளேயே ஒரு மோசடி நடந்துகொண்டிருந்தது முதுகுவலிக்காக எடுத்த ஸ்கேனில்தான் தெரியவந்தது. இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள். ஒன்றிரண்டு என்றால் சொல்லலாம், படம் முழுக்கக் கறுப்பு வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஸ்கேன் எடுத்த பெண்ணிடம் அத்தான் கேட்ட முதல் கேள்வி, "இந்த மிஷினுக்குக் கடைசியா எப்போ முத்திரை வச்சாங்க?" அந்தப் பெண் விழித்தாள். ஒரே கட்டியைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரு இம்மி கூடவோ குறையவோ வந்தது. அத்தோடு அந்த மருத்துவமனையின் மேல் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

நீர்க்கட்டி என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. "கட்டின்னா கட்டியா இருக்கணும். தண்ணின்னா தண்ணியா இருக்கணும். அது என்ன நீர்க்கட்டி? எதையோ பூசி மெழுகுறாங்க மாப்ளே." புற்றுநோயை மறைக்கத்தான் தண்ணீர் ஊற்றிச் சொல்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. சிறுநீரக டாக்டர் பொறுமைசாலி. இது புற்று இல்லை, சின்னச் சின்னப் பைகளில் நீர் கோத்துக்கொள்கிற நோய், பரம்பரையாக வருவது, மெல்ல மெல்லப் பெருத்துப் பக்கத்தில் உள்ள நல்ல சதையை நெருக்கும் என்று படம் போட்டே விளக்கினார். ஊசி போட்டு எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட்டால் தீர்ந்தது என்றார் அத்தான். ரொம்பப் பெரிதாகி வலிக்கிறதை மட்டும் வடிக்கலாம், இத்தனையில் ஒன்றை வடித்தால் இன்னொன்று ஊறும் என்றார் டாக்டர். அத்தானுடைய அம்மா கை கால் வீங்கி நடுவயதில் போய்ச் சேர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். அத்தான் முகத்தில் சந்தேகம் போய்ப் பயம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரே மகள். பாலர் பள்ளியில் ஆசிரியை. இந்த அப்பாவுக்கு இப்படி ஒரு பெண் எப்படிப் பிறந்தாள் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு, ஏனென்றால் அவள் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். பென்சிலைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு குழந்தை சொன்னால் ஜன்னலைத் திறந்து காக்காயைத் தேடுவாள். அவளுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது. சின்னச் சின்னதாக, இப்போதுதான் முளைவிட்ட மாதிரி. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. அத்தான் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மிஷினின் முத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் அப்பாவையும் மகளையும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார். பெரிய மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், துணி வெளுக்கிற இடத்தைத் தாண்டிப் போனால் அது இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர்க் கேன், ஆள் எடை பார்க்கிற இயந்திரம். அத்தான் எடை இயந்திரத்தில் ஏறினார், இறங்கினார், குனிந்து அடியில் பார்த்தார். அவர் எதையாவது தொலைத்துவிட்டாரோ என்று அங்கிருந்த நர்ஸ் தானும் குனிந்து தேடினார்.

ஆராய்ச்சி டாக்டர் ஒரு பெண்மணி. உரக்கப் பேசத் தெரியாதவர். கட்டிகள் பெருக்கிற வேகத்தைக் குறைக்கலாம் என்று நம்புகிற ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, அதைச் சோதிக்கிறோம் என்றார். சேருகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த மருந்து. மீதிப்பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், மருந்து இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஒப்புதல் தாளில் இதைத் தமிழில் எழுதியவர் யாரோ, 'இருபுறக் கண்கட்டு ஆய்வு' என்று எழுதிவைத்திருந்தார்.

அத்தான் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். "பாத்தியா மாப்ளே. கண்கட்டு வித்தைன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்குக் கீழ நம்ம கையெழுத்து வேற போடணுமாம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பதில் சொன்னார். மருந்துதான் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால் நோயாளிக்குப் பாதி வலி குறைந்துவிடும், கொடுத்தது மருந்துதான் என்று தெரிந்தால் டாக்டர் கண்ணுக்குக் கட்டி சிறிதாகத் தெரியும், அளக்கிறவர் மனசு அளவில் கலந்துவிடக் கூடாது என்றார். இது அத்தானின் சொந்தத் தொழில் தர்மம். மறுக்க வழியில்லை. ஒப்புக்கொள்கிற பழக்கமும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குள் மகள் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள். இவளைத் தனியாக இவர்களிடம் விடமுடியாது என்று தானும் சேர்ந்தார், காவலுக்கு.

அவரைச் சேர்ப்பதில் டாக்டருக்குத் தயக்கம் இருந்தது. அவருடைய சிறுநீரகங்கள், ஆய்வில் சேர வைத்திருந்த வரம்பின் ஓரத்தில் நின்றன. ஒரே வீட்டில் இரண்டு பேரைச் சேர்த்தால் மாத்திரைகள் கலந்துபோக வாய்ப்பு உண்டு என்ற பயமும் இருந்தது. தனித்தனி அலமாரியில் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அத்தான் முகம் சிவந்துவிட்டது. "என்கிட்டயா கலப்படத்தைப் பத்திப் பேசுறீங்க?" என்றார். டாக்டர் மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு பாட்டில்கள் வீட்டுக்கு வந்தன. அன்றே விசாரணை தொடங்கியது. நகை நிறுக்கிற சின்னத் தராசில் அவருடைய மாத்திரையையும் மகளுடையதையும் வைத்தார். எடை ஒன்று. பூதக்கண்ணாடியில் பார்த்தார். நிறம் ஒன்று. முகர்ந்தார், வாசனையே இல்லை. மருந்தில்லாத மாத்திரைக்கு அவர் வைத்த பெயர் மாவு. "இந்த வீட்டுல யாரோ ஒருத்தர் மாவு திங்கிறோம்," என்று தினமும் காலையில் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார். டாக்டருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார் என்பதும் அவர் முடிவு. நர்ஸின் வாயைப் பிடுங்கவும் பார்த்தார். மகளுடைய பாட்டில் கொஞ்சம் புதிதாக இருக்கிறதே என்று போகிற போக்கில் ஒரு தூண்டில் போட்டார். இரண்டும் ஒரே பெட்டியில் வந்ததுதான் சார் என்று அந்த அம்மாள் ஊசி மருந்து எடுத்துவைக்கப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது நாக்கு. ஒருநாள் தன் மாத்திரையை உடனே விழுங்காமல் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். கசந்தது. மகளையும் அப்படியே வைத்துப் பார்க்கச் சொன்னார். எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லப்பா. சாக்பீஸ் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அடுத்தடுத்த நாளும் கேட்டார். அதே பதில்.

அவளுடைய மாத்திரையில் ஒன்றை எடுத்துத் தானே சுவைத்துப் பார்த்திருக்கலாம். பார்த்தால் அவளுக்கு ஒரு மாத்திரை குறைந்துபோகும். எச்சில் பட்டதை மறுபடி அவளுக்குக் கொடுக்கவும் மனம் வராது. அதனால் விட்டுவிட்டார். தன்னுடையது மருந்து, அவளுடையது மாவு என்று அவர் மனதில் முள் நின்றுவிட்டது.

பிறகு அவர் செய்தது அக்காவுக்குக்கூடத் தெரியாது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் இரண்டு பாட்டில்களையும் கவிழ்த்து, தன்னுடையதை அவள் பாட்டிலிலும் அவளுடையதைத் தன் பாட்டிலிலும் போட்டு மூடினார். நர்ஸ் மிச்சத்தை எண்ணிப் பார்த்தாலும் சரியாக இருக்கும்படி போட்டார். யாரிடமும் தட்டு மாறாமல் பார்த்துக்கொள்வதையே வேலையாகக் கொண்ட மனிதர், தன் வீட்டு அலமாரியில் அதைச் செய்தார். அவர் கணக்கு ரொம்ப எளியது. தன் சிறுநீரகம் தேய்ந்த தராசு. அவளுடையது புதிது. இருக்கிற ஒரு மருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு அவர் தன் மாத்திரையை நாக்கில் வைக்கவில்லை. மாவு என்று முடிவு கட்டியதை எதற்குச் சுவைக்க வேண்டும்? மடக்கென்று விழுங்கிவிட்டு, மகள் விழுங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் கொஞ்சம் முகம் சுளித்தாலும் அவருக்கு மகிழ்ச்சி. அந்த நாட்களில் அவர் விசில் அடித்தார். கடையில் கொடுத்த மிச்சச் சில்லறையைப் பார்க்காமல் பையில் போட்டார். சர்க்கரை டப்பா மூடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கவலைப்படவில்லை. "இந்த மனுஷனுக்கு ஏதோ ஆயிடுச்சுடா. யாரையும் சந்தேகப்பட மாட்டேங்கிறார்," என்று அக்கா என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். நானும் பயந்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரையும் நான்தான் காரில் அழைத்துப் போனேன். மகளோடு உள்ளே போகும்போது என்னையும் கூப்பிட்டுக்கொள்வது அத்தான் வழக்கம். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டுமாம். டாக்டர் எப்போதும் கேட்கிற கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார். பசி எப்படி, குமட்டல் உண்டா, தூக்கம் வருகிறதா, வாய் கசக்கிறதா. அத்தானுக்கு மூக்கு வியர்த்தது. டாக்டரின் வாயிலிருந்து விஷயத்தைக் கறந்துவிடலாம் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாய் என்ன, மாத்திரையே கசந்துச்சு டாக்டர்," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மாத்திரையா? கசக்காதே சார். அதுக்கு மேல பூச்சு இருக்கு."

"எனக்குக் கசந்துச்சு."

"டீ கசக்குதா?"

அக்கா போடுகிற டீயைப் பற்றி அவருக்கு நீண்ட நாளாகவே புகார் உண்டு. கசக்கிறது என்றார்.

"தண்ணி?"

அவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணும் சாப்பிடாம, வெறும் வாயே கசக்குதா சார்?"

வெறும் வாய். காலை எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் அவருக்கு வாய் கசந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பொருளை வைக்கும் முன்பே முள் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்த தராசில் அவர் எடை போட்டிருக்கிறார். அதிலும் ஒன்றைத் தன் நாக்கிலும் மற்றதை மகள் நாக்கிலும் போட்டிருக்கிறார். சிறுநீரகம் தளரும்போது கழிவு இரத்தத்தில் தங்கி இப்படிக் கசக்கும், இன்றைக்கே இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

"ரெண்டு மாத்திரைக்கும் ஒரே பூச்சா?" என்று கேட்டார்.

"எந்த ரெண்டு சார்?"

டாக்டருக்குப் புரிவதற்கு முன்பே மகளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாரையும் நம்புகிறவள்தான், ஆனால் முட்டாள் இல்லை. மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, என் பாட்டில்ல இருக்கறது யார் மாத்திரை?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்லதை உனக்குக் குடுத்தேம்மா."

"எது நல்லதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"என் நாக்கு," என்றார் அத்தான்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இரத்தம் எடுத்தார்கள். அத்தானின் சிறுநீரகம் ஆய்வின் வரம்புக்குக் கீழே போயிருந்தது. அவர் வெளியே வந்துவிட வேண்டும், அவருக்கு வேறு மருந்துகளும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் என்று முடிவாயிற்று. மகள் விஷயத்தை ஆய்வுக்குழு கூடிப் பேசியது. நடந்ததை நடந்தபடி பதிவு செய்துகொண்டு, புதுப் பாட்டிலோடு அவள் தொடரலாம் என்று சொன்னது.

அதைத் தெரிவித்த நாளில் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அவருக்கும் யாருக்கு எது என்று உண்மையிலேயே தெரியாது. குடும்பத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ரகசியத்தை உடைத்துக் கேட்கலாம். உடைத்தால் மகள் ஆய்வில் இருக்க முடியாது. அவளுடையது மருந்தாகவே இருந்தாலும் அதற்குமேல் கிடைக்காது. மருந்து வெளியே விற்பனைக்கு எப்போது வரும், வருமா என்பதையும் இப்போது சொல்ல முடியாது.

முத்திரையை உடைத்துப் பார்ப்பதே பிழைப்பாக வாழ்ந்தவர் அத்தான். எந்த டப்பாவையும் திறக்காமல் அவர் விட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம். உடைக்காதீங்க," என்றார். திரும்பி வரும்போது மகள் அவர் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரேடியோ போடச் சொன்னாள். பாட்டில் பையையும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டில் வீட்டுக்கு வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கிறது.

அத்தான் இப்போதும் வேலைக்குப் போகிறார். கடைகளில் தட்டைத் தூக்கிப் பார்க்கிறார். ஆனால் மோசடி ஒன்றைக் கண்டுபிடித்தால் அவருக்கு வருகிற பழைய உற்சாகம் இல்லை. ஒருநாள் பெட்ரோல் பங்கில் குழாயைச் சோதித்துவிட்டு வந்து என் காரில் ஏறி உட்கார்ந்தவர், கதவைச் சாத்தாமலே கேட்டார். "அவளோடது நிஜ மருந்தா இருந்திருந்தா மாப்ளே?"

இரண்டுமே மருந்தாக இருந்திருக்கலாம் என்றேன். இரண்டுமே மாவாகவும் இருந்திருக்கலாம், ஏன், நீங்கள் நினைத்தபடியே கூட இருந்திருக்கலாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் இருக்கலாம். அதான் சொல்றேன். அவ வாயில இருந்து புடுங்கி நான் தின்னிருக்கலாம் இல்லையா?"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டபோது அவருக்கு ஒரு வழி இருந்தது, தட்டைத் தூக்கிப் பார்த்துவிடலாம். இப்போது அவர் சந்தேகப்படுவது தன்னை. பார்ப்பதற்கு ஒரே வழிதான், அது மகளுடைய அடிமடியில் கை வைப்பது. அதை அவர் செய்ய மாட்டார். அந்த ஆய்வு முடிந்து எல்லாரிடமும் உண்மையைச் சொல்கிற நாள் வரைக்கும் அவர் இதோடுதான் இருந்தாக வேண்டும்.

ஆய்விலிருந்து வெளியே வந்தபின் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அவர் சரியாகச் சாப்பிடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய சட்டையைத் துவைக்கப் போட்ட அக்கா, பையில் மாவாகக் கரைந்துகிடந்ததைப் பார்த்துக் கூப்பாடு போட்டாள். பூந்தொட்டி மண்ணிலும் சில கிடைத்தன. மாத்திரையைப் பார்த்தாலே உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது என்றார் அத்தான், யார் முகத்தையும் பார்க்காமல். இவை வெறும் மாத்திரைகள் இல்லை, மீதி இருப்பதையாவது காப்பாற்றுகிறவை என்று அக்கா அழுதாள். மகள் தொட்டி மண்ணில் கிடந்ததைப் பொறுக்கி எண்ணினாள்.

நேற்றுக் காலை நான் போனபோது அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, தோளில் பையோடு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். அவள் நகரவில்லை.

"வாயைத் திறங்க."

வகுப்பில் பேசுகிற அதே குரல். அவர் திறந்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று அவள் குனிந்து பார்த்தாள். அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நாக்கைத் தூக்குங்க."

அவள் கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் பிடித்தாள். அத்தான் நாக்கைத் தூக்கி, வெளிச்சம் உள்ளே நன்றாக விழட்டும் என்று தலையை இன்னும் கொஞ்சம் அண்ணாந்து காட்டினார்.